ஒன்றும் முளைக்காத தோட்டத்திலிருந்து ஒரு கடிதம்

போன ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தி மகள் ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் நடுநிலைப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். அவளோடு ஆசிரியர் பயிற்சி படித்த தோழி ஒருத்தி நீலகிரியில் கூடலூர் பக்கம் வேலை பார்க்கிறார். இரண்டு பேரும் பேசிவைத்து ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டு பள்ளியிலும் சின்னதாக ஒரு தோட்டம் போடுவது, பிள்ளைகள் அதைப் பற்றி ஒருத்தருக்கொருத்தர் கடிதம் எழுதிக்கொள்வது. போன் கிடையாது, வாட்ஸப் கிடையாது. தபால் மட்டும்தான்.

மலையிலிருந்து கடிதங்கள் முதலில் வந்துவிட்டன. பீன்ஸ், சேம்பு, இஞ்சி, விடாத மழை, காலில் ஏறும் அட்டை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். என் கையில் இருந்தது நம் ஊர்ப் பதில். ஆறாம் வகுப்புப் பையன் எழுதியது. முழுக் கடிதமே இவ்வளவுதான்:

"நாங்கள் நலம். எங்கள் தோட்டத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. காற்று அடிக்கிறது. நன்றி."

"இத எப்படிண்ணே அனுப்புறது? நம்ம பிள்ளைங்களுக்கு எழுத ஒண்ணும் இல்லியே" என்றாள்.

எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. மற்றபடி நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், பள்ளிக்கூட விவகாரம் தெரியாது. ஆனால் பழைய கடிதங்களைத் தோண்டும் பழக்கம் உண்டு. தூரத்து வகுப்பறைகள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிய கதை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடிப் போனேன். தேடல் ஒரு பிரெஞ்சு மீனவ ஊருக்குப் போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு நம்ம மணப்பாட்டுக்கும் புன்னக்காயலுக்குமே திரும்பி வந்துவிட்டது. அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

சத்தமாகப் பேச முடியாத வாத்தியார்

செலெஸ்தேன் ஃப்ரெனே 1896இல் தெற்கு பிரான்சில் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக்காயம் பட்டது. பிழைத்து வந்து 1920இல் பார்-சூர்-லூ என்ற ஊரில் ஆசிரியராகச் சேர்ந்தார். நீஸ் நகரத்துக்குப் பக்கத்து மலைச்சரிவு அது. ஆரஞ்சு மரங்களுக்குப் பேர்போன ஊர். அதன் பூக்கள் வாசனைத் திரவியம் செய்யப் போகும்.

இவரால் கொஞ்ச நேரம் சத்தமாகப் பேசினாலே மூச்சு வாங்கும். அந்தக் காலத்து வகுப்பறையில் வாத்தியார் பேசணும், பிள்ளைகள் கேட்கணும். அது இவருக்கு முடியாத காரியம். அதனால் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வயல், தச்சுப்பட்டறை, ஓடை என்று பார்த்துவிட்டு வந்து அவர்களையே எழுதச் சொன்னார். 1924இல் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கிப் பள்ளியில் வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள்.

அச்சடித்தாயிற்று, யார் படிப்பது? ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் தெரிந்த விஷயம். இந்த இடத்தில்தான் இன்னொரு ஆசிரியர் வருகிறார். பிரான்சின் மறுகோடியில், அட்லாண்டிக் கரையில், பிரிட்டனிப் பகுதியின் த்ரேகங் அருகே வேலை பார்த்த ரெனே தானியேல். அது மீன்பிடிக் கரை. அவரும் பள்ளியில் அச்சு வைத்துக்கொண்டார். 1926இலிருந்து இரண்டு வகுப்புகளும் தாங்கள் அச்சடித்த தாள்களைத் தபாலில் மாற்றிக்கொண்டன. தாள்களோடு பார்சல்களும் போய்வந்தன. இங்கிருந்து ஆரஞ்சு போகும், அங்கிருந்து கடற்பாசி வரும்.

இந்தப் பரிமாற்றத்தில் நடந்ததை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். மீனவர் வீட்டுப் பிள்ளைக்குப் படகு ஒரு செய்தியே இல்லை. விடிந்தால் கண்ணில் படுவது. அதை எழுது என்றால் "எங்கள் ஊரில் படகு இருக்கிறது" என்று ஒரு வரியோடு நின்றுவிடும். ஆனால் படிக்கப்போவது கடலையே பார்க்காத மலைப்பிள்ளை என்று தெரிந்துவிட்டால் அந்த ஒரு வரி போதாது. படகு எத்தனை மணிக்குக் கிளம்பும், அலை பெரிதாக இருந்தால் என்ன செய்வார்கள், அப்பா வர லேட்டானால் அம்மா எங்கே போய் நிற்பாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியாகணும். அப்படிச் சொல்லும்போதுதான் அது தனக்கு எவ்வளவு தெரியும் என்று பிள்ளைக்கே புரிகிறது.

ஃப்ரெனேயின் முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. 'பள்ளிகளுக்கிடையிலான கடிதப் பரிமாற்றம்' அதில் இன்றைக்கும் ஒரு முக்கியமான பகுதி.

நம் கரையிலிருந்து போன கடிதம்

ஃப்ரெனேயைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு பிரெஞ்சு அச்சுத்தாள் ஞாபகம் வந்தது. 1545இல் பாரிசில் அச்சானது. அதில் இருப்பது முத்துக்குளித்துறைப் பிள்ளைகளைப் பற்றிய கடிதம்.

பிரான்சிஸ் சேவியர் 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அந்த வருடக் கடைசியில் நம் கரைக்கு வந்துவிட்டார். அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே, 1530களில், இங்கே பரதவர்கள் கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தார்கள். மணப்பாடு, புன்னக்காயல், தூத்துக்குடி என்று கரையோரமாக நடந்தார். தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆட்டிப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றுக்கொண்டு போய் வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும் என்பது ஏற்பாடு.

இதையெல்லாம் 1544 ஜனவரி 15 தேதியிட்டுக் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தன் தோழர்களுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் பாரிஸ் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு இடம் வருகிறது. அவரே படித்த இடம். அங்கே படித்தவர்களெல்லாம் படிப்பை மட்டும் கட்டிக்கொண்டு அழுகிறார்களே, நேரே போய்ச் சத்தம் போட்டுக் கூப்பிடலாமா என்று பலமுறை தோன்றுகிறது என்கிறார். அடுத்த வருடமே கடிதம் பாரிசில் அச்சேறிவிட்டது. மணப்பாட்டுத் தெருப்பிள்ளைகளைப் பற்றி ஐரோப்பாவில் படித்தார்கள். தூரத்து வகுப்பறைகளை இணைத்த கடிதம் என்று பார்த்தால், இந்தக் கரையின் முதல் கடிதம் இதுதான் என்பேன்.

ஆனால் அது ஒருவழிக் கடிதம். பிள்ளைகள் அதில் வருகிறார்கள். அவர்கள் எழுதவில்லை, பதிலும் அவர்களுக்கு வரவில்லை.

பதில் என்றால் என்ன என்று சேவியருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு லிஸ்பனுக்கும் இந்தியாவுக்கும் வருடத்துக்கு ஒரு தடவைதான் கப்பல் தொகுதி. ஒரு வழிக்கே ஆறு மாதம்போல ஆகும். ஒரு கேள்விக்குப் பதில் வர இரண்டு வருடம் சாதாரணம். 1546 மே மாதம், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள அம்போன் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒன்று சொல்கிறார். தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்துப் போட்ட இடத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கூடவே வைத்துக்கொண்டு திரிகிறாராம். பதிலுக்கு அவ்வளவு ஏங்கிய மனுஷன். அதே ஏக்கம் தன் மணிச்சத்தம் கேட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்கும் இருந்திருக்கலாம் என்று அவரைச் சுற்றி யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் தோன்றவும் தோன்றாதுதான்.

அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள்

அடுத்து அச்சு. 1554இல் லிஸ்பனில் ஒரு சின்ன ஜெபப் புத்தகம் வந்தது. தமிழ் வரிகள் ரோமன் எழுத்தில் இருக்கும், கூடவே போர்த்துகீசியமும் இருக்கும். அச்சில் வந்த முதல் தமிழ்ப் புத்தகம் இதுதான்.

தமிழ் எழுத்திலேயே இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. கொல்லத்தில் 1578 அக்டோபர் 20 அன்று வந்தது. 16 பக்கம். செய்தவர் அண்டிரிக் அடிகளார், அதாவது என்ரிக்கே என்ரிக்கஸ். நம்ம புன்னக்காயலில் பல வருடம் வாழ்ந்து தமிழ் படித்து, தமிழுக்கு இலக்கணமும் எழுதியவர். இந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தது முத்துக்குளித்துறைப் பரதவர்கள்.

இந்த விஷயத்தை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்லவேண்டியதுதான். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சம்பாதித்த காசில் தமிழ் எழுத்து அச்சேறியது. ஆனால் இந்தத் தடவை எனக்கு வேறொன்று உறுத்தியது. காசு கொடுத்தவர்களின் வாழ்க்கை அந்தப் பதினாறு பக்கத்தில் இல்லை. சிப்பி விளையும் பாறைத்திட்டுக்குப் 'பார்' என்று பெயர். இந்தப் பார் எது, அந்தப் பார் எது என்று கரையை வைத்தும் தண்ணீர் நிறத்தை வைத்தும் அடையாளம் கண்டவர்கள் அவர்கள். அது ஜெபப் புத்தகம், அதில் முத்துக்குளிப்பு வராதுதான். அது புரிகிறது. ஆனால் பிற்பாடு வந்த நூற்றாண்டுகளிலும் பார்களைப் பற்றி எழுதிக் குவித்தவர்கள் யார் என்று பாருங்கள். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேய அதிகாரிகள். மூழ்கினவர் ஒருவர், எழுதினவர் வேறொருவர்.

தரங்கம்பாடியில் கொஞ்சம் மாறியது

இதே கிழக்குக் கரையில் வடக்கே போனால் தரங்கம்பாடி. அங்கே 1706இல் வந்த சீகன்பால்கும், பின்னால் வந்து சேர்ந்த கிரண்ட்லரும் புதிதாக ஒன்று செய்தார்கள். தமிழர்களிடம் கேள்விகளை எழுதிக்கொடுத்துப் பதிலை எழுத்திலேயே வாங்கினார்கள். உங்கள் மதம் என்ன, வைத்தியம் என்ன, பிள்ளைகளை எப்படிப் படிக்கவைக்கிறீர்கள் என்று பலவிதமான கேள்விகள். 1712 முதல் 1714 வரை இப்படி வந்த கடிதங்களில் 99 ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரத்தில் அச்சாயின. இப்போது தமிழர்களே எழுதுகிறார்கள், கேள்விக்குப் பதில் என்ற முறையும் வந்துவிட்டது. ஆனாலும் எழுதியவர்கள் பெரியவர்கள், கேள்வியை முடிவு செய்வது ஒரு பக்கம் மட்டும்தான்.

ஹாலேயில் அனாதைப் பிள்ளைகளுக்கான பெரிய கல்வி நிலையம் இருந்தது. அங்கே ஒரு காட்சியறை. உலகத்தின் பல மூலையிலிருந்து வந்த பொருட்களோடு தரங்கம்பாடியிலிருந்து போன ஓலைச்சுவடிகளும் அங்கே இருக்கின்றன. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

பிறகு 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பள்ளிக்கூடமும் நடத்தினார், ஐரோப்பிய அறிஞர்களுக்கு மீன், பாம்பு, சங்கு என்று அனுப்பிக்கொண்டும் இருந்தார். பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீன் அறிஞர் ஒரு மீன் பேரினத்துக்கு இவர் பெயரை வைத்து 'ஜானியஸ்' என்றார். நம் ஊர் மார்க்கெட்டில் கத்தாளை என்று வாங்குகிறோமே, அந்தக் கூட்டம்தான். மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் 'ஜானி' என்று இவர் இருக்கிறார். பார்சல் போட்ட வாத்தியார் பெயர் மீனுக்கும் பாம்புக்கும் நிலைத்துவிட்டது. வலையில் பிடித்துக்கொடுத்தவர் பெயர் அதில் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கணினி இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பினால், 'வந்து சேர்ந்தது' என்று அந்தப் பக்கமிருந்து பதில் வரணும். வராவிட்டால் அனுப்பியதாகவே கணக்கில்லை, திரும்ப அனுப்பணும். அந்தக் கணக்கில் பார்த்தால், இந்தக் கரைக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் போய்வந்த கடிதங்களில் பாதி வேலை நடக்கவே இல்லை. 1926இல் அந்த இரண்டு பிரெஞ்சு வாத்தியார்கள் செய்த புதுமை அச்சு இயந்திரம் அல்ல. இரண்டு பக்கமும் பிள்ளைகள், இரண்டு பக்கமும் கேள்வி, இரண்டு பக்கமும் பதில். அதுதான் புதுசு.

பாத்தி என்றால்

சரி, நம்ம பையனின் நாலு வரிக்கு வருவோம்.

ஒன்றும் முளைக்கவில்லை என்றானே, அது உண்மை. ஏன் முளைக்கவில்லை? பள்ளி திறப்பது ஜூன் மாதம். தோட்டம் போடுவதும் அப்போதுதான். கூடலூர் பக்கம் அது தென்மேற்குப் பருவமழை கொட்டும் நேரம். அங்கே இருக்கும் தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அதே ஜூன், ஜூலையில் தூத்துக்குடியில் மழை பேருக்குத்தான். கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில் வருவது. ஆக, தப்பு விதையிலும் இல்லை, பிள்ளைகள் மேலும் இல்லை. மலையின் மாதத்தில் கடற்கரையில் விதைத்திருக்கிறோம். "காற்று அடிக்கிறது" என்று அவன் எழுதியது அந்தக் கடிதத்திலேயே சரியான தகவல்.

இதைச் சொன்னதும் தங்கச்சி கொஞ்சம் யோசித்தாள். "அவன் அம்மா உப்பளத்துக்குத்தான் போறா. அதப் பத்தி எழுதுலேன்னு சொன்னேன். அது அம்மா வேல டீச்சர், தோட்டம் இல்லியேன்னுட்டான்."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. உப்பளத்தில் என்ன சொல்கிறோம்? பாத்தி கட்டுகிறோம். தண்ணீர் பாய்ச்சுகிறோம். உப்பு விளைகிறது. இந்த வருஷம் விளைச்சல் எப்படி என்று கேட்கிறோம். எல்லாமே தோட்டத்துச் சொல்தான். நெய்தல் நிலத்து உப்பைக் கொடுத்து மருத நிலத்து நெல்லை வாங்கியது சங்கப் பாடல்களில் வருகிறது. இரண்டையும் விளைச்சலாகவே பார்த்த மொழி நம்முடையது. பள்ளிக்கூடம்தான் கத்தரிக்காய் விளைந்தால் தோட்டம், உப்பு விளைந்தால் கூலி வேலை என்று பிரித்துவைத்திருக்கிறது.

அதிலுள்ள கணக்கும் லேசுப்பட்டதல்ல. உப்பள ஆட்கள் 'டிகிரி' என்று பேசுவார்கள். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் கணக்கு அது. கடல்நீர் மூணு, மூணரை டிகிரி இருக்கும். வெயிலிலும் காற்றிலும் வற்றி வற்றி இருபத்தைந்தை ஒட்டி வந்தால்தான் உப்பு பூக்கத் தொடங்கும். முப்பதை நெருங்க விட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துபோகும், அதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடணும். செடியைச் சாய்க்கும் அதே கச்சான் காற்றுதான் உப்பை விளையவைக்கிறது. தோட்டத்துக்கு உயிரான ஐப்பசி மழை வந்தால் உப்பளத்து வேலை நின்றுபோகும். ஒரே வானத்தில் தோட்டமும் உப்பளமும் எதிரும் புதிருமாக இருப்பது அந்தப் பையனின் வீட்டுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். பாடத்தில் சேர்த்தி இல்லை என்று நினைத்து எழுதவில்லை, அவ்வளவுதான்.

அனுப்பியது

கடைசியில் அந்த நாலு வரிக் கடிதத்தை அப்படியே அனுப்பச் சொன்னேன். திருத்த வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். கூடவே ஒரு அட்டைப்பெட்டி. ஒரு பொட்டலம் கல் உப்பு, உப்பளக் கரையில் தானாக வளரும் உமரி ஒரு கொத்து, கரையில் ஒதுங்கின கடற்பாசியைக் காயவைத்தது, ஒரு துண்டு கருப்பட்டி, நாலைந்து சிப்பி. ஒவ்வொன்றுக்கும் பெயர் மட்டும் எழுதி ஒட்டினார்கள்.

புரட்டாசியில் மலையிலிருந்து பதில் வந்தது. தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒரு பெண்பிள்ளை வரிசையாகக் கேள்வி எழுதியிருந்தது. அதில் ஒன்று: "உப்பு எந்தச் செடியில் காய்க்கும்? எத்தனை நாள் ஆகும்?"

வகுப்பே சிரித்ததாம். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் அம்மாவிடம் போய் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறான். அம்மா என்ன சொன்னாரோ, மறுநாள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். முதல் வரி "உப்பு செடியில் காய்க்காது, பாத்தியில் விளையும்" என்று ஆரம்பிக்கிறது. நடுவில் டிகிரி வருகிறது. அம்மாவின் பாதத்தில் உப்புத்தண்ணீர் பட்டு வெடித்திருப்பதும் வருகிறது. அதைத் தங்கச்சி திருத்தவில்லை. எழுத்துப்பிழைகளைக்கூட விட்டுவிட்டாள்.

கடைசியில் அவனும் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "அட்டை கடித்தால் உப்பு போடுவீர்களா? நாங்கள் அனுப்பிய உப்பு போதுமா?"

பள்ளித் தோட்டத்தில் ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு மறுபடி விதை போட்டிருக்கிறார்கள். வெண்டை, கொத்தவரை, ஓரமாக நாலு முருங்கைக் கம்பு. வெண்டை முளைத்துவிட்டது என்று நேற்று தகவல் வந்தது.